வென்ட் என்று எழுதிய கடிதம்

இங்கிலீஷ் டியூஷன் கொடுத்துத்தான் பிழைக்கிறேன். கோ, டேக் என்ற இரண்டு வினைச்சொற்களின் பாடம் வரும் நாளில் எனக்கு வாய் கசக்கும். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பிரச்சினைக் காலத்தில் ஒரு மத்தியானம், உக்குவளை பஸ் நிறுத்தத்தில் என் அண்ணனை நாலு பேர் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். தமிழில் மனு கொடுத்தால் மூலையில் போட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பள்ளியில் ஏ.எல். வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், தலைக்கனத்துக்கும் குறைவில்லை.

"ஜீப்புல கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு எழுது," என்றார் அம்மா.

அதற்கு டேக் என்று வரவேண்டும். ஆனால் பள்ளியில் அந்தச் சொல்லைக் குடையை எடு, கொப்பியை எடு என்றுதான் படித்திருந்தேன். அண்ணனைக் குடை மாதிரி எடுத்தார்கள் என்று எழுத மனம் கூசியது. மரியாதையாக இருக்கட்டும் என்று, அவர்களோடு ஜீப்பில் போனார் என்று வென்ட் போட்டேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, மனு கொடுத்த கந்தோரில் ஓர் அதிகாரி கடிதத்தை என் பக்கம் திருப்பி அந்தச் சொல்லின் கீழே விரலை வைத்தார். அவரே போனதாக நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், தானாகப் போனவரை நாங்கள் எங்கே தேடுவது என்று சிங்களத்தில் கேட்டார்.

டேக் என்றால் யார், யாரை என்று இரண்டுக்கும் பதில் வேண்டும். வென்ட் போனவனோடு முடிந்துவிடும். என் வாக்கியத்தில் அண்ணன்தான் எழுவாய். பிடித்துப் போனவர்கள் வெறும் வழித்துணை. சாக்குத் தேடுகிறவருக்கு எந்தச் சொல்லும் போதும், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சாக்கை அழகாக எழுதிக் கொடுத்தவள் நான். மறுநாளே திருத்தி எழுதிக் கொண்டுபோனேன். முதல் கடிதம்தான் ஃபைலில் இருக்கிறது, அதுதான் செல்லும் என்று அதிகாரி அதைத் திருப்பித் தந்துவிட்டார்.

வெளியே வாங்குப் பலகையில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"தேடுறாங்களாம், அம்மா."

அண்ணன் வரவில்லை. அம்மாவோ கண்ணை மூடும்வரை, "எம் மக இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்திருக்கா, வந்துருவான்" என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.