போடாத பெயரும் தப்பாகப் போட்ட பெயரும்

ஜப்பானில் ஒரு துறைமுக ஊர்ப் பத்திரிகையில் குற்றச் செய்திப் பக்கம் குராமோச்சி சுமியேயின் கையில் இருந்தது. மூக்குக்கு மேல் கோபம் வரும் பெண்பிள்ளை. அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாலே நிருபர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். சிறுவர்கள் மாட்டிய வழக்கு என்றால் கேட்கவே வேண்டாம். சட்டப்படி பெயர் போடக் கூடாது. பெயரைத்தான் விட்டுவிட்டோமே, அப்புறம் என்ன என்பார்கள் நிருபர்கள். சுமியேவுக்கு அது போதாது.

"'பல் டாக்டரோட ரெண்டாவது பையன்'னு எழுதியிருக்கியே, நம்ம ஊர்ல எத்தனை பல் டாக்டர்?"

"ஒருத்தர்தாங்க."

"அப்ப பேரையே போட்டுட வேண்டியதுதானே! தெருமுனையில மைக் வச்சுச் சொல்லிட்டு வா, போ!"

அப்படிப்பட்டவளுக்கு ஒரு குளிர்காலத்தில் பெரிய சோதனை வந்தது. துறைமுகத்தில் நிறுத்தியிருந்த வண்டிகளில் கைவைத்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை, ஐஸ் ஆலையில் வேலை பார்த்த ஒசானாய் ஹிரோஷி மடக்கிப் பிடித்தார். பையன் அவரைத் தள்ளிவிட்டு ஓடினான். கான்கிரீட்டில் தலை மோதி ஹிரோஷி இறந்துபோனார். பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள் என்றால், வழக்குத் தொடுத்த பிறகு பெயரை வெளியிடலாம் என்று சட்டத்தை மாற்றியிருந்தார்கள். வழக்குத் தொடுத்த அன்று நண்பகல் அரசு வழக்கறிஞர்கள் பையனின் பெயரை அறிவித்தும் விட்டார்கள். போடுவதும் விடுவதும் இனி அந்தந்தப் பத்திரிகையின் பாடு.

தலைமை ஆசிரியர் நிகாய்தோவும் சுமியேவும் ஒரே வருஷம் வேலையில் சேர்ந்தவர்கள். வா, போ என்றுதான் பேச்சு.

"எல்லாரும் போடுறாங்க சுமியே. நாம மட்டும் விட்டா பயந்துட்டோம்பாங்க."

"அந்தக் குடும்பப் பேர்ல இந்த ஜில்லாவுலயே ஒரே வீடுதான். அவனுக்கு அஞ்சாங்கிளாஸ் படிக்கிற தங்கச்சி இருக்கா. அவன் பேரைப் போட்டா அவ பேரையும் போட்ட மாதிரிதான். அந்தக் குழந்தை யாரைத் தள்ளிவிட்டுச்சு?"

"சரி, செத்தவரோட பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லப்போற?"

அவர் கேட்டதும் நியாயம்தானே! "நேர்ல போய்ச் சொல்றேன். எனக்குத் தெரியாம எதையும் அச்சுக்கு அனுப்பிடாத" என்று சொல்லிவிட்டுப் பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினாள்.

ஹிரோஷியின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டாள். பிறகு, பையன் பெயரைப் போடப்போவதில்லை, அவன் தங்கைக்காகத்தான் என்று அவர் மனைவி ஃபுமியிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அவனுக்கு மட்டும் குடை பிடிப்பீங்க!" ஃபுமி கொதித்தாள். "என் வீட்டுக்காரர் பேரு, வயசு, தெரு, போட்டோ எல்லாத்தையும் போட்டீங்களே, யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"யாரையும் கேக்கலைங்க."

"அந்தப் பொண்ணு பாவந்தான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" ஃபுமி பழைய பேப்பரை எடுத்து முன்னால் போட்டாள். "போட்டதையாவது ஒழுங்காப் போட்டீங்களா? பேரே தப்பு!"

சுமியேவுக்குச் சுருக்கென்றது. ஹிரோஷி என்று ஒலிக்கும் பெயரை, பொருள் வேறுபடும் பல ஜப்பானிய எழுத்துகளில் எழுதலாம். இவருடையது 'கடல்' எழுத்து. பத்திரிகையில் வந்ததோ 'பரப்பு' என்ற எழுத்து. காதுக்கு எல்லாம் ஒன்றுதான். கண்ணுக்கு அது வேறு ஆள்.

"எங்க மாமனார் ஆசையா வச்ச எழுத்துங்க அது. ஆயுசெல்லாம் கடல்லயே கிடந்தவரு."

அட கடவுளே! பிடிபட்டவன் பெயரை அப்படிக் கட்டிக் காத்தவள், செத்தவர் பெயரைக் கோட்டைவிட்டிருந்தாள். அந்தச் செய்தியைச் சரிபார்த்து அனுப்பியவளும் அவளேதான். நிருபர் மேல் பழி போடலாம், போலீஸ் குறிப்பின் மேல் போடலாம், சாக்குக்கா பஞ்சம்? சுமியே ஒன்றையும் தேடவில்லை. பாயில் நெற்றி படக் குனிந்து, "நான் செஞ்ச தப்புங்க" என்றாள். அப்புறம் ஹிரோஷியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கோடையில் தெருப் பிள்ளைகளுக்கு ஐஸ் செதுக்கிக் கொடுப்பாராம். மீனுக்கு ஐஸ் போடும் ஆலையில் வேலை பார்த்தும் சால்மன் மீன் என்றால் முகத்தைச் சுளிப்பாராம். அதைச் சொல்லும்போது ஃபுமி லேசாகச் சிரித்தாள், உடனே அழுதாள்.

அலுவலகத்தில் நிகாய்தோ தயங்கினார். "திருத்தம்னா மூலையில சின்னக் கட்டம் போடுறதுதானே வழக்கம்?"

"மொதப் பக்கத்துல தப்பாப் போட்டோம். மொதப் பக்கத்துலயே சரியாப் போடுவோம், தலைப்பு அளவுல. மனுஷன் எப்படி வாழ்ந்தார்னும் எழுதுறேன்."

"பையன் பேரு?"

"கிடையாது. ஏன் போடலைன்னு கீழ விளக்கம் எழுதிடுறேன்."

"முதலாளி கூப்பிட்டுக் கேட்டா?"

"என் பேரைச் சொல்லு. அம்பத்தாறு வயசாச்சு, என் பேரைப் போட எந்தச் சட்டமும் தடுக்காது."

நிகாய்தோ தலையில் அடித்துக்கொண்டு, "எழுதித் தொலை" என்றார். விளக்கம் எழுதும்போது 'தங்கை' என்ற சொல் வந்து விழுந்தது. சட்டென்று அதை அடித்துவிட்டு, 'குற்றத்தில் பங்கில்லாதவர்கள்' என்று மாற்றினாள். இப்படி ஒருத்தி கிடைக்க அந்த ஊர் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

மறுநாள் காலையில் ஃபுமியிடமிருந்து போன் வந்தது.

"மத்த பேப்பர்ல அவன் பேரைப் பாத்தேன். பாத்தா மனசு ஆறும்னு நினைச்சேன். ஆறலைங்க. உங்க மேல இருக்கற கோபமும் தீரலை."

"தீர வேண்டாங்க."

ஃபுமி போனை வைக்கவில்லை.

"இன்னொரு பேப்பர் கிடைக்குமா? மாமனார் எங்க பிரதியைக் கையை விட்டு இறக்க மாட்டேங்கறாரு. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அந்த எழுத்து மேலயே விரலை வச்சு எழுதிப் பாத்துக்கிட்டு இருக்காரு."