முட்டி சிஸ்டர் என்கிற என் நாத்தனார்

என் கணவரின் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் 'முட்டி சிஸ்டர்' என்று பெயர். பிரசவ வார்டில் நர்ஸ். பிரஷர் ஏறி, வலிப்பு வரலாம் என்ற நிலையில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு மெக்னீசியம் மருந்து ஏற்றுவார்கள். அது உடம்பில் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் முதலில் முழங்காலின் துள்ளல் அடங்கும். அதற்குப் பிறகுதான் மூச்சில் கைவைக்கும். அதனால் நாத்தனார் ரப்பர் சுத்தியலோடு கட்டில் கட்டிலாகப் போய் முட்டியைத் தட்டிக்கொண்டே இருப்பார். கால் துள்ளினால், "அப்படித்தான், நல்லா உதை!" என்று சிரிப்பாராம்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வாய்தான். நான் தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். "ஊருக்கெல்லாம் தைக்கிறா, என் தம்பி சட்டையில மட்டும் பட்டன் இல்ல" என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிவிட்டார். அன்றோடு நானாகப் பேசுவதை நிறுத்தினேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினாலே எனக்குச் சமையலறையில் ஆயிரம் வேலை முளைத்துவிடும்.

நான் நிறைமாதமாக இருந்தபோது ஒருநாள் மத்தியானம் வந்தார். நேராகச் சமையலறைக்கே வந்து நின்றார்.

"மூஞ்சி ஏன் இப்படி உப்பியிருக்கு?"

"நல்லா சாப்பிடுறேன்."

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா. கண்ணுல மின்னல் மாதிரி ஏதோ ஓடுது."

சட்டென்று தரையில் உட்கார்ந்து என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி எழவே இல்லை. "டேய் தம்பி, ஆட்டோ கூப்பிடு!"

"சாப்பிட்டுப் போகலாமேக்கா" என்றார் என் கணவர்.

"உனக்குப் பொண்டாட்டி வேணுமா, சோறு வேணுமா?"

அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிரஷரைப் பார்த்ததும் மெக்னீசியம் ஏற்றச் சொன்னார். பிரசவ வலியை வரவழைக்கவும் மருந்து கொடுத்தார்கள். நாத்தனார் என் காதருகே குனிந்து, "உடம்பெல்லாம் அனலா எரியும். பயப்படாதே, வலிப்பு வராம இருக்கத்தான்" என்றார். எரிந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் என்னை மடித்து வைத்ததுபோல் இருந்தது. நான் அழ, அவர் ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நடுநடுவே முட்டியைத் தட்டுவார், மூச்சை எண்ணுவார், கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையைத் தூக்கிப் பார்ப்பார். நான் பேசாமல் ஒதுக்கி வைத்தவர் என் உடம்போடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் எனக்கு இமை கனத்தது. நாக்கு குழறியது. அவர் முட்டியைத் தட்டினார். கால் அசையவில்லை. மறுகாலும் அப்படியே. பையிலும் ஒன்றும் பெரிதாக இறங்கவில்லை. அந்த நொடியே மருந்துக் குழாயை அடைத்துவிட்டு, "டாக்டர், முட்டி வரல! மூச்சும் குறையுது!" என்று குரல் கொடுத்தார்.

டாக்டரம்மா ஓடிவந்தார். "மூத்திரம் சரியா போகல, மருந்து உள்ளேயே தேங்கிடுச்சு. கால்சியம் எடுங்க சிஸ்டர்." மெக்னீசியத்தை முறிக்கும் அந்த மருந்தை மெதுவாக நரம்பில் ஏற்றினார். நாத்தனார் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மூச்சை இழுடி. என்னைத் திட்டணும்னாலும் மூச்சு வேணும்ல? இழு!"

இழுத்தேன். திட்டுவதற்காகவே இழுத்தேன் என்று பிற்பாடு வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

அன்று சாயங்காலம் மகள் பிறந்தாள். அழவில்லை. நனைந்த துணிபோலத் தொங்கினாள். குழந்தை டாக்டர் முகமூடி வைத்துக் காற்றை அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்துப் பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. உடனே வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"என்னாச்சுக்கா அவளுக்கு?" என்றேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவரை அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

"உனக்கு ஏத்தின மருந்து அவளுக்கும் போயிருக்கு. அந்த அசதி. மூத்திரம் போகப் போக அதுவும் வெளியே போயிடும்."

"அந்த மருந்தே போடாம இருந்திருந்தா?"

அவர் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். "வலிப்பு வந்திருந்தா உங்க ரெண்டு பேரையும் நான் எங்கேடி போய்த் தேடுவேன்?"

குழந்தைக்குச் சப்பத் தெம்பில்லை. நான் பீய்ச்சிக் கொடுத்த பாலை மூக்குக் குழாய் வழியாக இறக்கினார்கள். வேலை முடிந்தும் நாத்தனார் வீட்டுக்குப் போகவில்லை. என் அறைக்கும் அவள் அறைக்கும் நடையாய் நடந்தார். ஒரு காலையில் தொப்பி ஒருபக்கம் சரிய ஓடிவந்தார்.

"சப்புறாடி! என் விரலைப் பிடிச்சு என்னமா இழுக்கிறா!"

சொல்லிவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்து பொங்கிப் பொங்கி அழுதார். அவர் முதுகில் கைவைத்து நானும் அழுதேன். அந்த வாரமே மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் வீடு வந்தோம்.

மகளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. பிறந்தபோது அழாமல் விட்டதை வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்க்கிறாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நாத்தனாருக்கு மத்தியானங்கள் பெரிய பாரமாகிவிட்டன. இருவரும் சினிமாவுக்குப் போக ஆரம்பித்தோம். முதல் பாட்டு முடிவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டை விடுவார். சண்டைக் காட்சியில் விழித்து, "யாரு செத்தா?" என்பார். நான் கதை சொல்ல ஆரம்பித்தால் மறுபடி தூங்கிவிடுவார். பின்வரிசையில் இருப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஆனாலும் அவரை எழுப்ப எனக்கு மனசு வந்ததே இல்லை.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. தியேட்டரையும் இடித்துவிட்டார்கள். மத்தியானத்தில் தனியாக உட்கார்ந்திருந்தால், இடது தோள் மட்டும் ஏனோ லேசாக இருக்கிறது.