லயத்துக்கு வெயில் பூட்டப் போனவன்

வெயிலை விற்றுப் பிழைப்பது, அதுவும் இலங்கையில் மழையும் மூடுபனியுமான ஊவா மலையில், குடை விற்கிறவனே பார்த்துச் சிரிக்கிற தொழில்.

தொண்ணூறுகளின் கடைசியில் பதுளையில் ஒரு சின்ன சோலார் கம்பெனியில் சேர்ந்தேன். மின்கம்பம் எட்டிப் பார்க்காத லயங்களுக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் போய், ஒரு பலகை, ஒரு பேட்டரி, மூன்று பல்பு பூட்டிக் கொடுப்பது வேலை. பூட்டுவது ஒரு நாளில் முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் ஏச்சு வாங்குவதுதான். ஒரு சாமானைப் பூட்டிக் கொடுத்த பாவத்துக்கு வானம் இருண்டதற்கும் பொறுப்பானவர்கள் யாராவது இதை வாசித்தால், நம் ஜாதியில் இன்னொருவன் இருக்கிறான் என்று ஆறுதல் அடையலாம்.

எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். மனதை விட்டுப் போகாதது லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பாக்கியம் அக்காவின் வீடு. அவர் கொழுந்து பறிப்பவர். கணவர் காளிமுத்து தேயிலை ஃபெக்டரியில் தூசி தின்றே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். மண்ணெண்ணெய்ப் புகை ஆகவே ஆகாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குப்பி விளக்கை ஏற்றினால் மனிதர் இருமி இருமிச் சுருண்டுவிடுவார். ஏற்றாவிட்டால் சமைக்கிற குசினியில் கையே தெரியாது. அந்த விளக்கைத் தூக்கி எறியத்தான் அக்கா சோலார் கேட்டார்.

கூரைக்குச் சொந்தக்காரர்

ஏணி வைத்து லயத்துக் கூரையில் ஏறி, பலகைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையாட்களை மேய்க்கிற கணக்கப்பிள்ளை கீழே நின்று, "யாரைக் கேட்டு ஏறுன?" என்றார். அரை மணி நேரத்தில் தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப்பே வந்துவிட்டது. துரை நன்றாகத் தமிழ் பேசுவார். லயம் தோட்டத்துடையது, தகரம் தோட்டத்துடையது, ஆகையால் ஒரு ஆணியும் அடிக்கக் கூடாது என்றார்.

வீட்டுக்காரருக்கு நெஞ்சு சுகமில்லை, புகை ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். அவர் கேட்காமல் இல்லை. பாவம் என்றுகூடச் சொன்னார். மரக்கறித் தோட்டத்தில் கம்பு நட்டு அதில் பூட்டிக்கொள்ள அனுமதித்தார். "அதே வெயில்தானே துரை, கூரையில் பூட்டினால் என்ன?" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுவிட்டேன். ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னார்: "தகரம் தோட்டத்தோடது. தகரத்து மேல விழுற வெயிலும் தோட்டத்தோடதுதான்."

நல்ல இடம்

கம்பில் ஆள் உயரத்துக்குப் பலகையைப் பூட்டிவிட்டு வந்தேன். இரண்டு வாரத்தில் ஆள் அனுப்பினார்கள்: ஏழு மணிக்கே பல்பு அணைந்துவிடுகிறது, திரும்பக் குப்பி விளக்கு, திரும்ப இருமல். பதுளையிலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, மலை ஏறிப் போனேன். வயரைப் பார்த்தேன், பேட்டரியைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு வெளியே வந்தால், பலகையின் மேல் ஈரப் படங்கு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கொழுந்துக்குப் போகிற பெண்கள் நனையாமலிருக்க இடுப்பில் கட்டுவார்களே, அதேதான். பக்கத்துக் காம்பராவில், ஒரே சுவருக்கு அந்தப்புறம் குடியிருக்கிற பெண் தினமும் அங்கேதான் காயப் போடுகிறாளாம். நான் கத்திய கத்தலுக்கு அவள் கொஞ்சமும் அசரவில்லை. "இந்த லயத்துலயே வெயில் நல்லா விழுற எடம் இதுதான்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

பலகைக்குப் பூசை

புரட்டாசி முடிகிற நேரம் மறுபடி ஆள் வந்தது. இந்த முறை படங்கு இல்லை. ஆயுத பூசைக்கு, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டியோடு சேர்த்துப் பலகையையும் கழுவி, மூன்று பட்டை விபூதி அடித்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம், சுற்றிலும் செவ்வந்தி மாலை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே பாதி சக்தி போய்விடும் சாமான் அது.

பூசை முடிந்து எட்டு நாள். எட்டு நாளும் விளக்குப் புகைக்குப் பயந்து காளிமுத்து அண்ணன் இஸ்தோப்புத் திண்ணையில் குளிரில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துடைக்க ஒரு ஈரத்துணி போதாதா என்று கேட்டேன். பாக்கியம் அக்கா துணியை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். "வச்ச பொட்ட நாங்க எப்படிங்க தம்பி அழிக்கிறது? பூட்டுனவரு நீங்க, நீங்களே அழிங்க."

லயமே வந்தது

அதற்கடுத்த முறை நான் போனபோது பேட்டரி சக்கையாகக் கிடந்தது. விசாரித்தால், காளிமுத்து அண்ணன் யாரிடமோ ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டிவியை வாங்கி அதில் மாட்டியிருக்கிறார். பின்னேரம் ஆனால் லயத்துச் சனம் முழுக்க அவர் காம்பராவில். படம் ஓடி முடிய பேட்டரியும் முடிந்துவிடும். அதன் பிறகு யாராவது குப்பி விளக்கைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

அக்கா வேலைக்குப் போயிருந்தார். "அண்ணே, உங்க நெஞ்சுக்காகத்தானே அக்கா இந்தப் பாடு படுறாங்க" என்று நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "வெளக்கு மட்டும் எரிஞ்சா நான் இருமாம தனியா உக்காந்திருப்பேன் தம்பி. டிவி ஓடுனா இருமுனாலும் நாலு பேரு பக்கத்துல இருக்காங்க."



உத்தரவாதம்

கார்த்திகை மழை பிடித்தால் எங்கள் பக்கம் வெயில் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோகும். அந்த வருஷம் மலை முழுக்க மூடுபனி. பாக்கியம் அக்கா லுணுகலைக் கடையிலிருந்து டெலிபோன் எடுத்தார்: டிவியைக் கழற்றியாச்சு, பலகையைத் துடைச்சாச்சு, இன்னும் ஏன் எரியவில்லை? அண்ணனுக்குக் கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லையாம். முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், வெயிலுக்குக் கம்பெனி உத்தரவாதம் கொடுக்கவில்லை என்று போய் விளக்கிவிட்டு வரச் சொன்னார்.

போனேன். நனைந்து, அட்டை கடித்து, கால் சப்பாத்தில் சேற்றோடு வாசலில் நின்று அதை விளக்கினேன். உள்ளே இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. சுடச்சுடத் தேயிலைச் சாயத் தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இதச் சொல்லவா இந்த மழையில வந்தீங்க?"

பதினாறு நாள்

மழை விட்டதும், யாரும் கூப்பிடாமலே, சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். மனதுக்குள் ஏதோ உறுத்தல். லயத்து வாசலில் பந்தல் போட்டிருந்தது. மூன்று நாளைக்கு முன்னால் காளிமுத்து அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். பேட்டரியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிக்கொண்டே நின்றேன்.

வெயிலில் கண் கூசியது. அவர்கள் பேட்டரியே நிறைந்து, காம்பராவில் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, அவர் படுத்திருந்த இடத்தில், அக்கா குனிந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். கருமாதி வரைக்கும் அது அணையக் கூடாது. பல்பு எரியும்போது அது எதற்கு என்று நான் கேட்கவில்லை; ஆனால் பார்த்த பார்வையில் தெரிந்திருக்க வேண்டும். திரியைத் தூண்டிவிட்டு அவரே சொன்னார்: "அவரு இருந்தவரைக்கும் வெளக்கு வேணாம்னு பாடா பட்டேன் தம்பி. இப்ப பதினாறு நாளைக்கு ஏத்துறேன், இருமத்தான் ஆளில்ல."

வெயில் விற்கிற தொழிலில் நான் கண்டது, சரக்கு எப்போதும் தேவை முடிந்த பிறகுதான் வந்து சேரும் என்பதே.