கீபோர்டைத் தொடாத மெக்கானிக்

ஆறாவதோடு படிப்பை விட்டவன் நான். தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வந்து, வீரபாண்டியில் சொந்த பனியன் கம்பெனி போட்டேன். மூன்று முறை நொடித்தும் மூன்று முறையும் எழுந்தேன்.

என் டிசைன்கள் எல்லாம் இருந்த வீட்டுக் கம்ப்யூட்டர் பழசாகித் திணறியது. பழைய மெஷினிலும் ஓடும் லினக்ஸ் என்ற சிஸ்டத்தை அதில் போட ஒரு மெக்கானிக் வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் இரண்டு பென் டிரைவ். லினக்ஸுக்குக் காசே இல்லை என்றார். அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. டிசைனைச் சுட வந்தவரோ?

"சாம்பிள் பாக்காம நான் பல்க் ஓட்டறதில்லீங்க" என்றேன்.

"பென் டிரைவுலயே ஓட்டிப் பாருங்க. உங்க ஃபைல் எதையும் தொடாதுங்க."

ஓட்டிப் பார்த்தேன், பிடித்திருந்தது. டிசைன்களைத் தனி டிஸ்கில் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவரோ கைகளைப் பின்னால் கட்டியபடி, "நீங்களே அமுக்குங்க" என்று ஒவ்வொரு பட்டனாகச் சொன்னார்.

"ஏனுங்க, கையில சுளுக்குங்களா?"

"சந்தேகப்படறவங்க ஊட்டுல நான் கை வெக்கறதில்லீங்க."

என் சந்தேகத்தை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை புரியவில்லை. கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. லினக்ஸ் போட்டது யார் என்று கேட்பவர்களிடம் என் மகன் அந்த மெக்கானிக்கைச் சொல்கிறான். அமுக்கியது முழுக்க நான். என் பேரையும் சேர்த்துச் சொல்லட்டும்.