பனி தாங்கும் எலுமிச்சை

காலையில் பல் தேய்த்துக்கொண்டே வீட்டுப் பின்பக்கம் போனவன், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டரை வருடமாக நான் வளர்த்துவந்த செடியில் ஒரு இலைகூட இல்லை. முந்தின நாள் மத்தியானம்வரை பச்சைப் பசேலென்று நின்ற செடி, முள்ளும் குச்சியுமாக நின்றது. ஆடு தின்றிருந்தால் கிளை ஒடிந்திருக்கும். புழு தின்றிருந்தால் நரம்பாவது மிஞ்சியிருக்கும். இது யாரோ பொறுமையாக, கையில் முள் படாமல், ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்த வேலை.

ஒரு செடிக்கா இந்தப் பாடு என்று கேட்கலாம். அது என் மகளுக்காக வளர்த்த செடி. அவளும் மருமகனும் கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலை ஊரில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். தை மாதம் அங்கே உறைபனி இறங்கும். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் கல் உப்பைத் தூவியது போலிருக்கும். மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டு வாசலில் இருப்பது போல அங்கேயும் ஒரு எலுமிச்சை மரம் வேண்டும் என்று கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டாள். திருமங்கலத்து நர்சரியில் கன்று வாங்கி மூன்று தடவை பஸ்ஸில் கொண்டுபோய் நட்டேன். மூன்றும் பனியில் கருகின. அதே வருடங்களில் அவளுக்கு இரண்டு கர்ப்பம் கலைந்தது. இரண்டுமே மூன்றாம் மாதத்தில்.

மூன்றாவது கன்றும் பட்டுப்போன அன்று போனில் சொன்னாள்: "அப்பா, இனிமே செடி கொண்டுவராதீங்க. நான் வைக்கிறது எதுவும் நிக்க மாட்டேங்குது."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பனி தாங்கும் எலுமிச்சை உலகத்தில் எங்காவது இல்லாமலா போகும் என்று கேட்காத ஆளில்லை. கடைசியில் ராணுவத்தில் இருக்கும் என் மச்சினன்தான் சொன்னான். அவன் இருக்கும் வடக்கத்தி மலையூரில் ஒரு முள்மரம் உண்டாம், பழத்தின் மேல் பனி உட்கார்ந்திருந்தாலும் மரம் அசையாதாம். ஆரஞ்சுக் கன்றுகளை அதன் வேரில்தான் ஒட்டுக் கட்டுவார்களாம். பழம் கசக்கும், ஊறுகாய்க்கு ஆகும் என்றான். லீவில் வரும்போது டிரங்குப் பெட்டியில் நான்கு பழம் கொண்டுவந்தான். பந்து மாதிரி, மேலெல்லாம் பூனைமுடி. வெட்டினால் சதையைவிட விதைதான் அதிகம்.

அந்த விதை காயக் கூடாது, குளிர் காணாமல் முளைக்கவும் செய்யாது என்று அவன் சொல்லியிருந்தான். கழுவி, ஈர மணலில் புதைத்து, ஒரு டப்பாவில் போட்டு பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் மூன்று மாதம் வைத்தேன். மணலுக்குக் கரண்ட் செலவழிக்கிற ஒரே ஆள் மதுரையிலேயே நீங்கள்தான் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எடுத்துப் பார்த்தால் பாதி விதை பூஞ்சை பிடித்திருந்தது. மீதியைத் தொட்டியில் ஊன்றினேன். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை கிளம்பியது. ஒரு காம்புக்கு மூன்று மூன்று இலை. எலுமிச்சைக்கு ஏது மூன்று இலை என்று பதறி மச்சினனுக்குப் போன் போட்டேன். அதன் ஜாதியே அப்படித்தான் மச்சான் என்றான்.

பனியைத் தாங்கும் செடிக்கு மதுரை வெயில் தாங்கவில்லை. முதல் கத்திரியிலேயே மொட்டைமாடித் தொட்டிகள் எல்லாம் காய்ந்துபோயின. ஒன்றே ஒன்று பிழைத்தது. அதைத் தூக்கிக் கீழே தண்ணீர்த் தொட்டி நிழலில், பக்கத்து வீட்டுச் சுவரோரம் வைத்தேன். வெயிலுக்கு ஈரச் சாக்குக் கட்டினேன். அது இடுப்பு உயரம் வர இரண்டரை வருடம் ஆனது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு மேலே கொண்டுபோய், மகள் வேண்டாமென்றாலும் நட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்திருந்தேன்.

இடையில் ஒரு வருடமாக அதில் இலை குறைந்துகொண்டே வந்தது. எலுமிச்சையைத் தின்னும் பச்சைப்புழு என்று நினைத்தேன். காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலை இலையாகத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு புழுவையும் கண்டதில்லை. ஆனாலும் விடாமல் வேப்பெண்ணெய் அடித்தேன்.

மொட்டையடித்த அந்தக் காலையில் நான் போட்ட சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து குடியிருப்பவள், வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். என்னை வாய் நிறைய அண்ணே என்பாள், என் மனைவியை மதினி என்பாள். அவள் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"நான்தான்ணே பறிச்சேன். சாமிக்கு எல வேணும்னு மதினிட்ட கேட்டுட்டுத்தான். நேத்து சனிப் பிரதோசம்ல, நூத்தியெட்டு எல போடுறதா வேண்டியிருந்தேன்."

என் செடிக்கும் பிரதோஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். பிறகுதான் விளங்கியது. முள், மூன்று இலை, சிவன். அவள் அதை வில்வம் என்று நினைத்திருக்கிறாள். ஒரு வருடமாகப் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கிள்ளியிருக்கிறாள். நான் அடித்த வேப்பெண்ணெய் போக இலையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஆத்திரத்தில் எனக்கு நாக்கு குழறியது.

"ஏம்மா, இது வில்வமே இல்லம்மா. இது எலுமிச்ச. கசப்பு எலுமிச்ச."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. என்னுடைய அதிர்ச்சியெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது, அவள் முகம் போன போக்கைப் பார்த்தபோது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்ப இம்புட்டு நாளும் தப்பான எலையவா போட்டுக்கிட்டு வந்தேன்? அய்யோ அண்ணே, நம்ம பிள்ளைக்காகல்ல வேண்டுனேன். மொதல்ல உண்டாகணும்னு, இப்ப இந்தத் தடவையாவது மூணு மாசம் தாண்டணும்னு."

எந்தப் பிள்ளைக்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள், தலையைக் குனிந்துகொண்டாள். மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். மனைவிக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். பெற்ற அப்பனுக்குத் தெரியாது. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மனைவி மெதுவாகத்தான் சொன்னாள்: "உங்கள்ட்டச் சொல்லக் கூடாதுன்னு பிள்ளதான் சத்தியம் வாங்குனா. சொன்னா ஞாயித்துக்கிழமை ஊருக்கே தெரிஞ்சுருமே."

நான் முப்பது வருடம் மிஷன் பள்ளி ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன். வந்த தாளை அன்றைக்கே சுற்றுக்கு விட்டுப் பழகிய கை. முதல் இரண்டு தடவையும் மகள் செய்தி சொன்ன வாரமே சர்ச்சில் ஜெப விண்ணப்ப நேரத்தில் எழுந்து நின்று சொன்னேன். கலைந்தபோதும் எழுந்து நின்று சொன்னேன். சபைப் பெண்கள் அத்தனை பேரும் அவளுக்குப் போன் செய்து, கர்த்தர் தருவார், அழாதே என்றார்கள். நான் அதை அன்பென்று நினைத்தேன். அவள் ஒவ்வொரு போனுக்கும் முதலிலிருந்து அழுதிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தாள். சாமி குத்தம் ஆகிவிட்டது, தன்னால்தான் ஏதாவது ஆகப்போகிறது என்று அரற்றினாள். நேற்று நூற்றெட்டும் இந்தச் செடியிலேயே கிடைத்ததா என்று கேட்டேன். எனக்கே ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியாது.

"ஏழு கொறஞ்சுச்சுண்ணே. கோயில் வாசல்ல வாங்கிச் சேத்துக்கிட்டேன்."

"அப்ப அந்த ஏழும் அசல் வில்வம்தானம்மா. அது போதும். மத்ததையும் ஏத்துக்கிடுவாரு."

சபைக் கமிட்டியில் இருக்கிற என் வாயிலிருந்து இது வந்ததைக் கேட்டு என் மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் நாங்கள் இருவரும் அந்த மொட்டைக் குச்சியோடு மலை ஏறினோம். பஸ்ஸில் ஒரு சீட்டே அதற்கு. மகள் வாசலில் அதைப் பார்த்ததும் வெளிறிப்போனாள். இதுவும் போய்விட்டதா அப்பா என்று கேட்டாள். நான் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை. அவளும் ஒரு இடத்தில் கீறிப் பார்த்தாள். அவள் வயிற்றைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்றும் தெரியாதவன் போலவே குழி தோண்டி நட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரியில் அங்கே பனி கடுமை என்று மருமகன் சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் ஜெப விண்ணப்பம் கேட்டபோது என் கால் தானாக எழுந்துவிட்டது. மனைவி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். எழுந்தாகிவிட்டது, எதையாவது சொல்லியாக வேண்டும்.

"மலையில ஒரு செடி வச்சிருக்கேன். பனியில பட்டுப்போகாம நிக்கணும். அதுக்கு ஜெபிச்சுக்கங்க."

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். போதகர் ஒன்றும் புரியாமல், செடிக்கும் சேர்த்து ஜெபித்தார். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரியில் மகள் என் நம்பருக்கே போன் செய்தாள். குச்சி முழுக்கப் பச்சைப் புள்ளியாகத் தளிர் கட்டியிருக்கிறது என்றாள். பக்கத்துத் தோட்டத்து எலுமிச்சையெல்லாம் கருகிவிட்டதாம், இது மட்டும் நிற்கிறதாம். பிறகு, தனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது, டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார் என்றாள்.

"தெரியும்மா. செடி மொட்டையான அன்னைக்கே தெரியும்" என்றேன்.

"அன்னைக்கேவா? அப்புறம் சர்ச்சுல செடிக்கு ஜெபிக்கச் சொன்னீங்கன்னு சொன்னாங்களே."

"செடிக்குத்தான் சொன்னேன்."

"வேற யார்ட்டயும் சொல்லலையாப்பா?"

"இல்ல."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

"என்னால நம்பவே முடியலப்பா" என்றாள்.