கப்பலில் வரவேண்டிய பெயர்

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தூசி தட்டி ஓடவைக்கும் பைத்தியம் சிலருக்கு உண்டு. எனக்கும் அது பிடித்து வெகுநாளாகிறது. அந்தக் காலத்துப் பெட்டியில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதை வாங்கி வேலையை முடித்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் நிரலை ஷெல் என்பார்கள். ஓய்வு பெற்றபின் அப்படி ஒன்றை நானே எழுதினேன். என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு அனுப்பவேண்டியதுதான் பாக்கி. பெயர் மட்டும் அமையவில்லை.

"கோயி பீ நாம், ஏதோ ஒரு பேரு போட்டு அனுப்புங்கப்பா. யார் கேக்கப் போறாங்க?" என்றான் பாதி இந்தியிலேயே பேசும் மகன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெயர் என்றால் இவனுக்கு அவ்வளவு இளக்காரம். எங்கள் வீட்டில் பெயருக்காகக் காத்திருந்தே ஒரு பிள்ளை போனது இவனுக்கு எங்கே தெரியும்.

இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து எங்களை இந்தியாவுக்கு அனுப்பிவைத்த எழுபதுகளில், நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தோம். அங்கே எனக்கு ஒரு தங்கை பிறந்தாள். எங்கள் வழக்கப்படி தாய்மாமன்தான் குழந்தையின் காதில் பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பெற்றவள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். மாமா அப்போது இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் இருந்தார். அவருக்கும் கட்சாலுக்கு உத்தரவாகியிருந்தது. "அடுத்த கப்பல்ல பேரோட வாறேன்" என்று வந்தவர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அடுத்த கப்பலை நாங்கள் அடுத்த பஸ் மாதிரி நினைத்துக்கொண்டோம். மலைநாட்டில் பிறந்த ஜனங்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கரைக்கு வர முடியாமல் ஒரு கப்பல் அப்படியே திரும்பிப் போனது. லயத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. "நீங்களே ஒரு பேர வச்சிருங்க, புள்ளைய எத்தன நாளைக்கு இப்படி வச்சிருப்பீங்க" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அப்பாவுக்கும் சம்மதம்தான். அம்மா மசியவில்லை.

"எங்கண்ணன் உசுரோட இருக்கயில எம்புள்ளைக்கு வேற எவன் பேரு வைக்கிறது?"

தங்கை வெறும் பாப்பாவாகவே இருந்தாள். அப்புறம் காய்ச்சல் கண்டது, மூச்சு இழுத்தது. தோட்டத்துக் கம்பவுண்டர் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார். போர்ட் பிளேர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். எதில் கொண்டுபோவது? மாமா வரவேண்டிய அதே கப்பலில்தான்.

கடல் அடங்கிக் கப்பல் வந்தபோது அவளைப் புதைத்த இடத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. மாமா வெள்ளி அரைஞாணோடு இறங்கினார். விஷயத்தைக் கேட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். என்ன பெயர் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை; அவரும் சாகும்வரை சொல்லவில்லை.

கடைசியில் ஷெல்லுக்குக் கட்சால் என்றே பெயர் வைத்தேன். போர்ட் பிளேர் மரைன் ஹில் வீட்டில் அம்மா என்னோடுதான் இருக்கிறாள். ஒரு காலையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன்.

"அந்தச் சனியன் புடிச்ச ஊரு பேர ஏன்டா வைக்கிற?"

"பாப்பாவுக்குத்தான் பேரே இல்லாமப் போச்சே. அந்த நெனப்புலதாம்மா."

அம்மாவின் கை நின்றது.

"யாரு சொன்னா இல்லன்னு? பால் குடுக்கயில நானே ஒரு பேரு வச்சுக் கூப்புட்டேன். ஒங்கப்பாவுக்குக்கூடக் கேக்காம. அண்ணன் வாற வரைக்கும் ஆச தாங்கல. அதனாலதான் போயிட்டா."

இத்தனை வருஷமாக இவள் இதையா சுமந்துகொண்டிருந்தாள்? அது நிமோனியா அம்மா, மருந்தில்லை, கப்பலில்லை, நீ என்ன செய்வாய் என்று சொன்னேன். கோபமாகச் சொன்னேன், கெஞ்சியும் சொன்னேன். ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறவில்லை.

"என்ன பேரும்மா அது?" என்று கேட்டேன்.

அவள் கீரையைத் தள்ளி வைத்தாள்.

"சொல்ல மாட்டேன்டா. ஒரு தடவ சொன்னது போதும்."