வியாழக்கிழமையும் ஓடிய மெஷின்

2005-ஆம் ஆண்டு, மழை ஓய்ந்திருந்த சமயம். புனேயை அடுத்த பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான் கடையில் வாங்கி உயிர்ப்பிக்கும் கிறுக்கு எனக்கும் நண்பர்கள் நால்வருக்கும் உண்டு. பிராட்பேண்ட் வந்த புதிதில் ஐந்து வீட்டு மெஷின்களையும் இணைத்துவிட்டோம். பழைய மெஷின் கிடைக்காதவர்கள், அதைப் போலவே நடிக்கும் மென்பொருளைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டலாம். ஆனால் 'அசல்' அல்லது 'நகல்' என்று திரையின் முதல் வரியில் உண்மையைப் போட்டுவிட வேண்டும். என்னுடையது பீரோ அளவு அசல். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

வியாழக்கிழமைதோறும் எங்கள் ஏரியாவில் மின்வெட்டு. ஒருமுறை கரண்ட் வந்ததும் அவசரப்பட்டு மெஷினைப் போட்டேன். புகை வந்தது, அதோடு சரி. வெளியே சொல்ல வெட்கம். லேப்டாப்பில் நகலை ஓட்டி, சந்தேகம் வராதபடி வேகத்தை உத்தேசமாகக் குறைத்து, 'அசல்' என்றே விட்டுவைத்தேன்.

பக்கத்து ஊரான தளேகாவில் இருந்த எங்கள் கூட்டாளி ஒருவர் திண்டுக்கல்காரர். அவரிடமும் அதே ரக மெஷின். ஒரு வியாழன் மதியம் போன் செய்து, "உங்க ஏரியால இன்னைக்கு பிஜ்லி இல்லையே, எப்படி ஓடுது?" என்றார்.

இன்வர்ட்டர் என்று கூசாமல் சொன்னேன். லேப்டாப்பையும் மோடத்தையும் தாங்குமே தவிர, அந்தப் பீரோவை எந்த வீட்டு இன்வர்ட்டரும் தாங்காது. நான் சொன்னதால் நம்பினார். என்னுடையதோடு ஒப்பிட்டால் தன்னுடையது மந்தமாக ஓடுகிறதாம். மூன்று வாரமாகக் கழற்றிப் பார்த்தும் கோளாறு பிடிபடவில்லையாம். "ஞாயித்துக்கிழமை பழைய சாமான் எடுக்குற பங்கார்காரன் வர்றான், அவன்கிட்ட போட்டுடறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

போனில் சொல்ல நாலு தடவை எண்களை அழுத்தினேன், மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். சொன்னால் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வது என்று தீர்மானித்து, ஞாயிறு காலை முதல் லோக்கல் ரயிலைப் பிடித்தேன்.

அவர் வீட்டு ஹாலில் செய்தித்தாள் மேல் மெஷின் துண்டு துண்டாகக் கிடந்தது. நின்றபடியே சொன்னேன்: "உங்க மெஷின் நல்லாத்தான் இருக்கு. என்னுதுதான் நகல், அதான் வேகமா ஓடுது."

கிடந்த துண்டுகளை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அப்ப உக்காந்து மாட்டுங்க. ஓடுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

பத்து மணிக்குத் தள்ளுவண்டியோடு வந்த பங்கார்காரரைத் திருப்பி அனுப்பினார். நாற்காலியில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தாரே தவிர, ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. என் விரல் கொப்பளித்தது. எழுந்திருக்க எனக்கும் மனமில்லை. சாயங்காலம் மெஷின் ஓடியது, பழைய நிதானத்தோடு.

மறுநாளே என் முதல் வரியை 'நகல்' என்று மாற்றி, எல்லோருக்கும் உண்மையை எழுதினேன். என் மெஷினைத் திரும்ப எழுப்ப நாலு மாதம் பிடித்தது. ஞாயிறுதோறும் அவரும் வந்தார்.

அது இன்றும் மெதுவாகத்தான் பதில் சொல்கிறது. காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில், என் வார்த்தையை நம்பி ஒருவர் தன் நல்ல மெஷினைச் சந்தேகப்பட்டதை நான் மறப்பதில்லை.